குடைக்கு அடியில் என்ன நிறம்

என் புத்தகத்தின் பதினைந்தாம் பக்கத்தில் ஒரு பச்சை நிறம் சரியாக விழுகிறதா என்று நேரில் பார்ப்பதற்காகச் சிவகாசிக்குப் போனேன். கும்பகோணத்தில் இருந்துகொண்டே பார்த்துவிடலாம், கைப்பேசியில் படம் அனுப்புகிறோம் என்று அச்சகத்தார் மூன்று முறை சொன்னார்கள். கைப்பேசி காட்டும் நிறத்தை நம்பி யாராவது காளானைச் சமைத்துச் சாப்பிட்டால் அந்தப் பாவம் கைப்பேசியைச் சேராது, என்னைத்தான் சேரும் என்று மூன்று முறையும் பதில் சொன்னேன்.

புத்தகம் காட்டுக் காளான்களைப் பற்றியது. அறிவியல் ஆசிரியராக முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றபின், பதினோரு மழைக்காலம் அலைந்து சேர்த்தது. மொத்தம் நாற்பத்தொரு வகை. உண்ணத் தக்கவை பத்தொன்பது, தகாதவை இருபத்திரண்டு. இதில் பதினான்காம் பக்கமும் பதினைந்தாம் பக்கமும்தான் முக்கியம். இடப்பக்கம் புற்றுக்காளான். கறையான் புற்றிலிருந்து கிளம்புவது, கறிக்குழம்பைத் தோற்கடிக்கும் ருசி. வலப்பக்கம் அதே அளவில், அதே வெள்ளையில் புல்தரையில் முளைக்கும் நச்சுக் காளான். சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியுமாக ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும்.

இரண்டையும் பிரித்தறிய அடையாளங்கள் உண்டு. நல்லதற்கு உச்சியில் ஒரு குமிழும் அடியில் புற்றுக்குள் இறங்கும் நீண்ட வேரும் இருக்கும். கெட்டதற்குத் தலையில் பழுப்புச் செதில்கள், தண்டில் மோதிரம்போல ஒரு வளையம். ஆனால் மழை செதிலைக் கழுவிவிடும், வளையம் கழன்று விழுந்துவிடும், பிடுங்குகிற அவசரத்தில் வேர் அறுந்துவிடும். அப்போது குடையைக் கவிழ்த்து, அடியில் புத்தக ஏடுகள்போல் அடுக்கியிருக்கும் மடிப்புகளைப் பார்க்க வேண்டும். நல்லதில் வெள்ளை, வயதானால் இளஞ்சிவப்பு. கெட்டதில் முதலில் வெள்ளை, முற்றினால் மங்கிய பச்சை. அந்த மங்கிய பச்சைக்காகத்தான் இந்தப் பயணம்.

விருதுநகரில் இறங்கும்போதே மழை. ஐப்பசி மழை மூன்று நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பரோட்டாவைக் கல்லில் போட்டு எடுப்பார்கள். இங்கே எண்ணெயில் மிதக்கவிட்டு வடைபோல் பொரித்துவிடுகிறார்கள். ஒன்று கேட்டேன். பரிமாறுபவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஒண்ணா? சாப்பிட வந்தீகளா, பாத்துட்டுப் போக வந்தீகளா?" என்று கேட்டுவிட்டு, நான்கை உதிர்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினார். மூன்றரை சாப்பிட்டேன். மீதி அரையை ஏன் வைத்தேன் என்று மூன்று பேர் விளக்கம் கேட்டார்கள்.

எங்கள் ஊரில் 'வந்தீங்களா' என்பதை இங்கே 'வந்தீகளா' என்கிறார்கள். ஒரு எழுத்து மிச்சம். மரியாதையில் குறைவில்லை.

சிவகாசிப் பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை. இரண்டு கட்டு லேபிள் தாள் உட்கார்ந்திருந்தது. அதைக் கீழே இறக்கச் சொன்னேன். "அது டிக்கெட் எடுத்திருக்கு சார், நீங்க கொஞ்சம் நகந்து உக்காருங்க" என்றார் நடத்துநர். வழியில் ஓடைத் தண்ணீர் சாலையில் ஏறியதால் வண்டி இருபத்தாறு நிமிடம் நின்றது. ஜன்னல் ஒழுகியது. நடத்துநர் தம் சட்டைமேல் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளைக் கழற்றி, எனக்குத்தான் என்று நான் கை நீட்டுவதற்குள், லேபிள் கட்டைப் போர்த்தினார்.

தங்கும் விடுதியில் என் அறையில் மட்டும் ஆறு காலண்டர் தொங்கின. காலண்டர் அச்சிடும் ஊர்தான், அதற்காக ஆறா? ஆறும் சேர்ந்து நான்கு வெவ்வேறு தேதிகளைக் காட்டின. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நிறம்தான் பொறுக்கவில்லை. வெள்ளைத் தாமரை மஞ்சளாக இருந்தது, வெள்ளை யானை மஞ்சளாக இருந்தது, சரஸ்வதியின் வெள்ளைப் புடவைகூடத் தேநீரில் நனைத்ததுபோல் இருந்தது. இந்த ஊருக்கு மஞ்சள் மைமேல் இப்படி ஒரு மோகமா என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். என் பச்சைக்கு என்ன கதி ஆகுமோ என்ற கவலையில் சரியாகத் தூங்கவில்லை.

இரண்டாம் நாள் காலை நான்கு இட்லியுடன் (எங்கள் ஊர்க் கணக்கில் ஆறு) அச்சகத்துக்குப் போனேன். சீசன் நேரம். காலண்டர் ஆர்டர்களுக்கு நடுவில் என் காளான்களுக்கு ஒரு மெஷினை ஒதுக்கியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்பவர் பொன்ராஜ். இருபத்தாறு வருடமாக மை பார்க்கிற மனிதர், ஐம்பதை நெருங்கும் வயது. அதிகம் பேசமாட்டார். பெரிய தாளில் எட்டுப் பக்கங்கள், நான்கு நேராகவும் நான்கு தலைகீழாகவும் அச்சாகியிருந்தன. தாளை என் முன் விரித்து, "பாருங்க சார். நீங்க ஓகேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் ஓட்டுவேன்" என்றார்.

பார்த்தேன். பதினான்காம் பக்கத்து மடிப்புகளும் பதினைந்தாம் பக்கத்து மடிப்புகளும் ஒரே மாதிரி மஞ்சளோடிய பால் நிறம். பதினைந்தில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

யாரோ இதைக் கறை என்று நினைத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள், சாமி படங்களுக்குச் செய்கிற பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது என்று சொன்னேன். பொன்ராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. "சாமி முகத்துல கறை இருந்தா எடுப்போம் சார். காளான் முகத்தை யாரு சார் தொடைக்கப் போறா? பச்சை இருக்கே" என்றார்.

இல்லை, கூட்டுங்கள் என்றேன். சரி சார் என்று மெஷினில் எதையோ திருப்பி இன்னொரு தாள் எடுத்தார். அதிலும் பால் நிறம். மறுபடி கூட்டுங்கள் என்றேன். சரி சார். மூன்றாவது தாள் வந்தபோது பக்கத்து மெஷின்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மற்றவரிடம், என்னண்ணே காளான் கிளி மாதிரி இருக்கு என்று சொன்னது என் காதில் விழுந்தது. கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

பொன்ராஜ் என் பக்கத்தில் வந்து, சத்தத்தைக் குறைத்து, இப்ப இது உங்களுக்கு என்ன நிறமாத் தெரியுது சார் என்று கேட்டார். பால் நிறம் என்றேன். அவர் டியூப்லைட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் பார்ப்போம் என்று சொல்லி, மையைப் பழையபடி வைத்து, முதல் தாளைப் பத்திரப்படுத்தினார்.

தேநீர் குடிக்கும்போதுதான் அவர் வீட்டு விஷயம் தெரிந்தது. நாரணாபுரத்தில் வீடு. மனைவி குருவம்மா பட்டாசு கம்பெனியில் வேலை. மழை என்றால் மருந்து காயாது, கம்பெனி லீவு. மூன்று நாளாகக் கண்மாய்க் கரைக்குக் காளான் பறிக்கப் போய்க்கொண்டிருக்கிறார். மகள் முத்துச்செல்வி ஏழு மாதக் கர்ப்பம், தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். காளான் குழம்பு வேண்டும் என்று அவள் நாக்கு கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். நேற்றுப் பறித்தது ஒரு கைப்பிடி, வாய்க்குப் பற்றவில்லை.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பச்சை மடிப்புக் காளான் ஒன்றை உயிரோடு கொண்டுவந்து இந்தத் தாளின்மேல் கவிழ்த்து வைத்தால் அப்புறம் யாரும் வாதாட முடியாது. நாளைக் காலை நானும் வருகிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் காலை ஆறேகாலுக்கு ஆட்டோ. நாரணாபுரம் போகும் வழியில் 'தீப்பெட்டி கொண்டுவராதே', 'புகை பிடிக்காதே' என்று பத்தொன்பது எச்சரிக்கைப் பலகைகளை எண்ணினேன். ஆட்டோக்காரர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். பலகையைக் காட்டினேன். அது கம்பெனிக்குள்ளே போகிறவர்களுக்கு என்று விளக்கினார். ஒரு பள்ளத்தில் வண்டி சாய்ந்து நான் ஒரு காலைச் சேற்றில் ஊன்றியதில் என் இடது செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. குருவம்மா தம் கணவரின் ரப்பர் செருப்பைக் கொடுத்தார். இரண்டு அளவு பெரியது.

குருவம்மா மெலிந்த, வேகமான பெண்மணி. வாசலில் நின்ற முத்துச்செல்வி, "தாத்தா, நெறைய எடுத்துட்டு வாங்க. அம்மா எண்ணி எண்ணித்தான் போடுது" என்றாள். எண்ணிப் போடுவது நல்ல பழக்கம் என்று நான் சொன்னதை அவள் ரசிக்கவில்லை.

கரையில் நடக்கும்போது குருவம்மாவிடம் என் தேவையைச் சொன்னேன். அடியில் பச்சையாக இருக்கும் நச்சுக் காளான் ஒன்று வேண்டும், படத்தோடு ஒப்பிட. "ஊர் ஒலகத்துல எல்லாரும் நல்ல காளானைத் தேடுவாக, நீங்க நாய்க்குடையைத் தேடி அம்புட்டுத் தொலைவிலருந்து வந்திருக்கீக" என்றார். பிறகு, வெள்ளிக்காசைப் போட்டுக் காய்ச்சினால் விஷக் காளானில் காசு கறுக்கும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டார். பொய் என்றேன். பூண்டு போட்டுப் பார்ப்பதும் பொய், வேகவைத்தால் விஷம் போய்விடும் என்பதும் பொய். "எங்க வீட்ல வெள்ளியே இல்ல சார், அதனால அந்தச் சோதனையே செஞ்சதில்ல" என்றார்.

இரவு இடி இடித்திருந்தது. ஒரு பெரிய புற்றைச் சுற்றிக் கூட்டமாக முளைத்திருந்தன. குருவம்மா பிடுங்கவில்லை. விரலை மண்ணுக்குள் விட்டு நெம்பி, வேரோடு எடுத்தார். இருபத்து மூன்று. ஒவ்வொன்றாக வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துக் கூடையில் வைத்தேன். குமிழ் இருந்தது, வேர் இருந்தது, சந்தேகமே இல்லை.

திரும்பும்போது புற்றிலிருந்து பத்தடி தள்ளிப் புல்லில் நின்ற மூன்றை அவர் ஒடித்து, பாதையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். ஏன் என்று கேட்டேன். "நாய்க்குடை சார். பின்னால வர்ற பொம்பளைக கவுத்துக் கெடந்தா தொடமாட்டாக."

நான் எடுத்துப் பார்த்தேன். பெரிய, முற்றிய குடைகள். மழையில் தலை சுத்தமாகக் கழுவப்பட்டிருந்தது. தண்டில் வளையம் இல்லை. ஒடித்ததால் வேர் இருந்ததா என்று தெரியவில்லை. அப்படியானால் மடிப்புதான் தீர்ப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பால் நிறம். ஒரு நாய்க்குடைக்காக அலைகிற எனக்கே இது நாய்க்குடையாகத் தெரியவில்லை என்றால் வேறு என்ன வேண்டும்? இது புற்றுக்காளான்தான், பூமிக்கு அடியில் புற்று இவ்வளவு தூரம் பரவியிருக்கும், வயதானதால் குமிழ் விரிந்துவிட்டது என்று ஏழெட்டு நிமிடம் விளக்கினேன். கர்ப்பிணிப் பெண் ஆசைப்படுகிறாள், நல்ல காளானை வழியில் போடுவது பாவம் என்றும் சொன்னேன்.

குருவம்மா நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "சரி சார்" என்றார். மூன்றையும் நானே கூடையில் வைத்தேன். வீட்டு வாசலில் அவற்றில் பெரியதை மட்டும் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பச்சை கிடைக்காவிட்டாலும் பதினான்காம் பக்கத்தோடு ஒப்பிட உதவும். கூடையில் மீதி இருபத்தைந்து. மதியம் சாப்பிட வந்துவிட வேண்டும் என்று குருவம்மா சொன்னார். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

விடுதியில் கால் கழுவி, புதுச் செருப்பு வாங்கி, அச்சகத்துக்குப் போக மணி பதினொன்றரை. பொன்ராஜ் தாளை வாசல் வெளிச்சத்தில் விரித்து வைத்திருந்தார். நான் கைக்குட்டையை அவிழ்த்துக் காளானைப் பதினான்காம் பக்கத்தின்மேல் மல்லாத்தி வைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"கெடச்சிருச்சு போல சார்."

இல்லை, பச்சை கிடைக்கவில்லை, இது நல்லது என்றேன்.

அவர் காளானைப் பதினான்காம் பக்கத்திலிருந்து எடுத்துப் பதினைந்தாம் பக்கத்தில் வைத்தார். நான் மறுபடி பதினான்கில் வைத்தேன். அவர் மறுபடி பதினைந்தில் வைத்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய லென்ஸை எடுத்தார். அச்சு வேலைக்காரர்கள் மையின் புள்ளிகளைப் பார்க்க வைத்துக்கொள்வது.

"நிறத்தை விடுங்க சார். புள்ளியை எண்ணுங்க. நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவீகளே."

லென்ஸைப் பதினைந்தாம் பக்கத்து மடிப்பு ஒன்றின்மேல் வைத்துக் குனிந்தேன். பால் நிறம் என்று நான் மூன்று தாளில் சாதித்த இடம் முழுக்கப் புள்ளிகள். மஞ்சள் புள்ளிகளுக்கு இடையே நீலப் புள்ளிகள், தனித்தனியாக, நன்றாக எண்ணக்கூடியதாக. ஒரு மடிப்பின் குறுக்கே எண்ணினேன். பதினேழு. திரும்ப எண்ணினேன். பதினேழுதான். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்று முப்பத்து நான்கு வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். பதினான்காம் பக்கத்துக்கு லென்ஸை நகர்த்தினேன். நீலம் ஒன்றுகூட இல்லை. லென்ஸை எடுத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே பால் நிறம்.

கண் மருத்துவர் இரண்டு கண்ணிலும் புரை முற்றுகிறது, நிறமெல்லாம் மஞ்சளாகத் தெரியத் தொடங்கும் என்று சொல்லியிருந்தார். அவரிடம் சுவரில் இருந்த கடைசி வரி எழுத்துவரை தப்பில்லாமல் படித்துக் காட்டிவிட்டு, அறுவைச் சிகிச்சையை நான்கு முறை தள்ளிப்போட்டவன் நான். எழுத்து தெரிகிறவரைக்கும் கண் நன்றாக இருக்கிறது என்பது என் கணக்கு. யானையும் தாமரையும் புடவையும் வெள்ளையாகத்தான் இருந்திருக்கின்றன.

அப்போது கூடை நினைவுக்கு வந்தது. என் கையாலேயே வைத்த இரண்டு.

சொன்னேன். பொன்ராஜ் கைப்பேசியை எடுத்தார். மனைவியின் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, மகளுடையதும். இடி இடித்தால் அந்த வீட்டில் கைப்பேசியை அணைத்துவிடுவார்களாம். பக்கத்து மெஷின்காரரிடம் இரண்டு சொல் சொல்லிவிட்டு, தாளைச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறினேன். மணி பன்னிரண்டு இருபது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி. எங்களுக்கு முன்னால் இரண்டு லாரி, ஒரு பள்ளிப் பேருந்து, பதினொரு இருசக்கர வண்டி. மழை வேறு. பெட்டிகள் மெதுவாக உருண்டன. ஏழு, எட்டு, ஒன்பது. வாயைத் திறந்துதான் எண்ணியிருக்கிறேன் போலிருக்கிறது. இருபத்தெட்டில் பொன்ராஜ் திரும்பிப் பார்க்காமல், "சார், இப்பவாச்சும் எண்ணாம இருங்க" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். மனசுக்குள் எண்ணியதில் நாற்பத்திரண்டு பெட்டி. கேட் திறந்தபின் எதிர்ப்பக்கத்து வண்டிகளும் எங்கள் பக்கத்து வண்டிகளும் தண்டவாளத்தின் நடுவில் சந்தித்துக்கொண்டு, யார் முதலில் போவது என்று பேச ஆரம்பித்தன. அந்தப் பேச்சு இன்னும் ஐந்து நிமிடம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது முத்துச்செல்வி தட்டை வழித்து விரலை நக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழம்புச் சட்டி, பாதி காலி. எத்தனை சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"சோறா, காளானா தாத்தா?"

பொன்ராஜ் கத்தினார். எதுவும் புரியும்படியாக இல்லை. அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த குருவம்மா, முதலில் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். என் கண், மடிப்பு, கூடையில் நான் வைத்த மூன்று.

"அந்த நாய்க்குடையா? அதைச் சட்டிப் பக்கமே அண்டவிடலையே சார்" என்றார்.

அதை எடுத்துக்கொள்வதாகச் சரி என்று சொன்னீர்களே என்றேன்.

"சரின்னுதான் சார் சொன்னேன். ஆக்குறேன்னா சொன்னேன்? படிச்சவுக, வயசானவுக, ஆசையா எடுத்துப் போடுறீக. மூஞ்சிக்கு நேரா எப்படி எடுத்து எறியிறது? நீங்க அங்கிட்டுப் போனதும் எடுத்துட்டேன்."

பொன்ராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்தார். முத்துச்செல்வி அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. எறிந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். வாசலுக்கு வெளியே குப்பை மேட்டில் ஒன்று கிடந்தது. ஒன்றுதான். மூன்று வைத்தேன், ஒன்று என்னிடம் வந்துவிட்டது, இரண்டு இருக்க வேண்டும். குச்சியால் குப்பையைக் கிளறினேன். கோழிகள் என்னோடு சேர்ந்து கிளறின. பொன்ராஜ் மறுபடி எழுந்து வந்துவிட்டார். சட்டியைக் கவிழ்த்துக் கொட்டப் போகிறேன் என்றார்.

"அதைக் கொட்டினீகன்னா நாளைக்கு நீங்கதான் கண்மாய்க்குப் போகணும்" என்றார் குருவம்மா. அடுப்படி அலமாரியிலிருந்து, அச்சகத்துக் கழிவுத் தாள் ஒன்றின்மேல் கவிழ்த்திருந்த கிண்ணத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். கிண்ணத்தை எடுத்தார். உள்ளே அந்த இரண்டாவது குடை.

"உங்களுக்குத்தான் எடுத்து வச்சேன். வந்ததிலருந்து பச்சை வேணும், பச்சை வேணும்னு கேட்டீக. கண்ணுக்கு முன்னால இருந்தப்ப வேண்டாமின்னுட்டீக. போட்டோவுக்கு ஆகட்டுமேன்னு கோழி கொத்தாம மூடி வச்சேன்."

குடையைத் தூக்கியபோது அடியில் வெள்ளைத் தாளில் மடிப்புக்கு மடிப்பு கோடு விழுந்து, ஒரு சக்கரம் வரைந்ததுபோல் இருந்தது. காளானின் வித்துத் தூள் உதிர்ந்து படிவது. அதன் நிறம்தான் கடைசிச் சாட்சி. என் கண்ணுக்கு அது சாம்பல். முத்துச்செல்வியிடம் கேட்டேன். "பாசி பிடிச்ச மாதிரி பச்சை தாத்தா" என்றாள்.

அதற்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். நாற்பத்தொரு வகைக்குப் புத்தகம் எழுதியவன், குருவம்மா ஒரு வாய் சாப்பிட்டு விழுங்கும்வரை என் தட்டில் கை வைக்கவில்லை. அவரும் அதைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே இரண்டு வாய் மெதுவாக மென்றார். சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்துப் போட்ட குழம்பு. பதினொரு துண்டு சாப்பிட்டேன். பிறகு எண்ணுவது விட்டுப்போய்விட்டது.

கை கழுவியதும் பொன்ராஜ் சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்து விரித்தார். ஓரம் நனைந்திருந்தது, நடுப்பகுதிக்குச் சேதமில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார். நிறம் தெரியாதவன் நிறத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது? தாளைக் குருவம்மாவின் பக்கம் திருப்பினேன்.

அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. பதினான்கைத் தொட்டு, "இது கொளம்புக்கு" என்றார். பதினைந்தைத் தொட்டு, "இது நாய்க்குடை" என்றார். அந்த அச்சுக்கு அதற்குமேல் சான்றிதழ் தேவையில்லை. பேனாவை நீட்டினேன். ஆனால் அவர் வாங்கவில்லை. தாளைச் சுற்றிவந்து, தலைகீழாக அச்சாகியிருந்த பக்கங்களையும் பார்க்கத் தொடங்கிவிட்டார். பத்தாம் பக்கத்தில் நின்றார்.

"இதை எதுக்கு சார் நல்ல காளானோட சேத்திருக்கீக? இது அதே நாய்க்குடையோட குட்டி. இன்னும் ரெண்டு நாள் விட்டா அடியில பச்சை பூத்திரும்."

அது வேறு வகை, எங்கள் தெருக்கோடிப் புல்வெளியில் இரண்டு வருடத்துக்கு முன் நானே படமெடுத்தது, நானே சமைத்துச் சாப்பிட்டும் பார்த்தது, அதனால்தான் உண்ணத் தக்கவற்றில் வைத்தேன் என்று விளக்கினேன்.

"சாப்பிட்டு ஒண்ணும் ஆகலையா?"

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தவன், அப்படியே நிறுத்தினேன். அன்று கழிப்பறைக்கு ஒன்பது முறை போனேன். தேதியோடு குறிப்பேட்டில் இருக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் அன்று மதியம் ஒரு ஹோட்டலில் சாப்பிட்ட தேங்காய்ச் சட்னி என்று முடிவு கட்டி, அந்த ஹோட்டல்காரருக்கு ஆறு கடிதம் எழுதினேன். அதே ஹோட்டலில் அதே சட்னியைச் சாப்பிட்ட என் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. காளானை அவள் தொடவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவன் இந்தக் கழித்தல் கணக்கை மட்டும் போடவில்லை.

பத்தாம் பக்கத்தைக் குறுக்கே அடித்தேன். நாற்பத்தொன்று நாற்பதாயிற்று, பத்தொன்பது பதினெட்டாயிற்று. மற்றப் பக்கங்களையும் குருவம்மா பார்க்காமல் மெஷின் ஓடக் கூடாது என்று பொன்ராஜிடம் சொன்னேன். அதற்காக இன்னும் இரண்டு நாள் தங்கினேன். மழை விடவில்லை. வேறு எந்தப் பக்கமும் அடிபடவில்லை. தாள் ஒவ்வொன்றிலும் குருவம்மா 'ஓகே' என்று எழுதித் தம் பெயரை எழுதிக் கொடுத்தார். நான் அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊர் திரும்பிய அன்றே ஏழாவது கடிதத்தை எழுதி, தபாலில் போடாமல் நேரில் எடுத்துக்கொண்டு அந்த ஹோட்டலுக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஆறாவது கடிதத்துக்குப் பிறகு அவர்கள் தேங்காய்ச் சட்னி அரைப்பதையே நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு வருடமாக அந்தத் தெருவே தக்காளிச் சட்னியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை நின்றேன்.